குவார்ட்டும் குவார்ட்டரும்: ‘தாங்குவான்’ என்கிறார்களே, எதை?

காவடி முடிந்த மறுவாரம். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் தெரிந்தவர் வீட்டுப் பின்முற்றத்தில் ப்ராய், அதாவது கரி அடுப்பில் இறைச்சி சுடும் விருந்து, போட்டிருந்தார்கள். பத்து நாள் விரதம் இருந்த வீடு. கரி அடுப்பின் மேல் ஆட்டிறைச்சிக்குக் குறைவில்லை. வீட்டுப் பையனுக்கும் அவனுடைய அத்தை மகளுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் காலை இருவரையும் ரெஸ்ஸில் கொண்டுபோய் விட வேண்டும். ரெஸ் என்றால் மாணவர் விடுதி. இங்கே யாரும் விடுதி என்று சொல்வதில்லை. போர்வை, பாத்திரம், மாங்காய் ஊறுகாய் ஜாடி எல்லாம் காரில் ஏறியாயிற்று.

மாமா கூலர் பாக்ஸைத் திறந்து, தண்ணீர் சொட்டும் பெரிய பீர் பாட்டில் ஒன்றை எடுத்துப் பையன் கையில் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, “பீர்தானே டீச்சர். பதினெட்டும் ஆயிடுச்சு. நம்ம வீட்டு ஆளுங்க தாங்குவாங்க” என்றார்.

பதினெட்டு என்பது சரி. தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்லும் வயது அதுதான். மீதி இரண்டு, ‘பீர்தானே’, ‘தாங்குவாங்க’, இவைதான் தொல்லை. குடியைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் தப்பும் தவறுமான பேச்சில் பாதி இந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடும். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுப்பதற்கு முன் பல வருடம் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நின்றவள் நான். அன்று மாலை அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அந்த இரண்டு பேருக்கும் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன். குடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குடிக்காதவர்களும் அதே ரெஸ்ஸில்தான் இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் திறக்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பீர்தானே?

பீர், ஒயின், பிராந்தி, கேன் என்கிற கரும்புச் சாராயம் எல்லாவற்றிலும் போதை தருவது ஒரே பொருள். அதன் பெயர் எத்தனால். ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று வெளியே தள்ளுவது அது. இட்லி மாவு புளித்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே வகை வேலை. திராட்சைச் சாறு புளித்தால் ஒயின், பார்லி புளித்தால் பீர். இவற்றில் ஓரளவுக்கு மேல் எத்தனால் சேராது, ஏனென்றால் சேரச்சேர ஈஸ்ட்டே செத்துப்போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். இதற்கு வடித்தல் என்று பெயர்.

நம் ஊர்க் கேன் அப்படி வடித்ததுதான். கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபிறகு மிஞ்சும் கருப்புப் பாகைப் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் கரைக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது கரும்புத் தோட்ட வேலைக்கு. அந்தக் கரும்பு ரெஸ் பார்ட்டியில் கோக்கோடு கலந்து பேரன் பேத்தி கைக்கு வந்து நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். சரி, அது வேறு கதை.

எந்தப் பானத்தில் எவ்வளவு எத்தனால் என்று பார்க்கக் கணக்கு சுலபம். பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தை மில்லியோடு பெருக்கி, நூறால் வகுத்து, 0.8-ஆல் பெருக்க வேண்டும். எத்தனால் தண்ணீரைவிட லேசானது, அதற்காகத்தான் அந்த 0.8. வருவது கிராம் கணக்கு. தென்னாப்பிரிக்காவில் சுமார் 12 கிராமை ஒரு ‘நிலையான அளவு’ என்று வைத்திருக்கிறார்கள். ஒரு டம்பி, அதாவது 340 மில்லி சின்ன பாட்டில், 5 சதவீத பீராக இருந்தால் 13 கிராமுக்குச் சற்று மேல். ஏறக்குறைய ஓர் அளவு.

மாமா கொடுத்தது டம்பி இல்லை, குவார்ட். இங்கே குவார்ட் என்றால் 750 மில்லி பீர் பாட்டில். அதே 5 சதவீதத்துக்கு 30 கிராம், இரண்டரை அளவு. கையில் ஒரு பாட்டில் இருப்பதால் “ஒன்றுதான் குடித்தேன்” என்று சொல்லத் தோன்றும்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த இடத்தில் குழம்பக்கூடும். அங்கே குவார்ட்டர் என்றால் 180 மில்லி பிராந்தியோ விஸ்கியோ. பெயர் ஒலிப்பில்தான் ஒற்றுமை என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் எத்தனால் சுமார் 61 கிராம். டர்பன் குவார்ட் இரண்டில் 60 கிராம். ஆக, இரண்டு குவார்ட் பீர் குடித்தவர் ஒரு குவார்ட்டர் பிராந்தியை முடித்தவருக்குச் சமம். அந்த மாமாவிடம் யாராவது பதினெட்டு வயதுப் பையன் கையில் ஒரு குவார்ட்டர் பிராந்தியை முழுசாகக் கொடுக்கச் சொன்னால் அடிக்க வருவார். இரண்டு குவார்ட் கொடுக்க அவருக்குத் தயக்கமே இல்லை.

இதைவிட மோசம் வீட்டில் ஊற்றுவது. பாரில் ஒரு டாட் என்றால் 25 மில்லி, அளந்து ஊற்றுவார்கள். 43 சதவீதக் கேனில் அது எட்டரை கிராம். பார்ட்டியில் ஸ்பூக் அண்ட் டீசல் கலக்கும்போது (கேனும் கோலாவும், பெயர் வைத்தவர் யாரோ, டீசல் மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும்) சிவப்பு பிளாஸ்டிக் கப்பில் கண்ணளவுக்கு ஊற்றுவார்கள். கப்பில் மூன்றில் ஒரு பங்கு என்றால் எண்பது தொண்ணூறு மில்லி வந்துவிடும். ஒரே கப்பில் ஒரு குவார்ட் பீர். கோலாவின் இனிப்பில் அது நாக்குக்குத் தெரியாது.

இதுவரை: எந்தப் பானம் என்பதைவிட எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. டம்பி ஓர் அளவு, குவார்ட் இரண்டரை அளவு, கண்ணளவு கப் எவ்வளவு என்பது ஊற்றியவருக்கே தெரியாது.

பெரிய பானை, சின்னப் பானை

இனி அந்த 60 கிராம் உடம்புக்குள் போகட்டும். பையன் எழுபது கிலோ, அவனுடைய அத்தை மகள் ஐம்பத்தைந்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆளுக்கு இரண்டு குவார்ட் குடிக்கிறார்கள்.

ஒரு கரண்டி உப்பைப் பெரிய பானை ரசத்திலும் அதே ஒரு கரண்டியைச் சின்னப் பானை ரசத்திலும் போட்டால் எது கரிக்கும்? எத்தனாலும் அப்படித்தான். உடம்பில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பரவும். கொழுப்புக்குள் அவ்வளவாகப் போகாது. பெண்ணுடம்பில் சராசரியாகத் தண்ணீர்ப் பங்கு குறைவு, கொழுப்புப் பங்கு கூடுதல். ஆகவே எடை ஒன்றாகவே இருந்தாலும் அவள் பானை சின்னது. இங்கே எடையும் குறைவு. இதில் பலவீனம், மனவுறுதி என்று எதுவுமில்லை, பானையின் அளவு மட்டுந்தான்.

கரிப்பை அளக்க ஓர் அலகு உண்டு. நூறு மில்லி இரத்தத்தில் எத்தனை கிராம் எத்தனால் என்று பார்ப்பார்கள். இதை இரத்த மது அளவு என்போம். நம் நாட்டில் சாதாரண ஓட்டுநருக்கு இது 0.05-ஐ எட்டக் கூடாது. டாக்சி, லாரி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. நம் இரண்டு பேருக்கும் தோராயமாகக் கணக்குப் போட்டால், அந்த 60 கிராமும் இரத்தத்தில் கலந்தால் பையனுக்கு 0.12 அளவில் வரும், அவளுக்கு 0.19-ஐ ஒட்டி வரும். குடித்த அளவு ஒன்றே, எண் இரண்டு. “அவன் குடிச்ச அளவுதான் நானும் குடிச்சேன்” என்று சொல்லும் பெண்பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறாது என்பார்களே? பாதி உண்மை. எத்தனால் வயிற்றில் கொஞ்சந்தான் உறிஞ்சப்படும். முக்கால்வாசி வேலை அடுத்துள்ள சிறுகுடலில் நடக்கிறது. வயிற்றில் சோறும் பருப்பும் இருந்தால் வயிற்றின் கீழ்வாசல் உடனே திறக்காது. எத்தனாலும் அங்கேயே காத்திருந்து மெல்ல மெல்ல உள்ளே போகும். உச்சம் தாமதமாகும், கொஞ்சம் தாழவும் செய்யும். ஆனால் முதலில் குடித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) வாங்கிச் சாப்பிட்டால் தெளியும் என்பது வெறும் ஆசை. அதற்குள் போக வேண்டியது போயாயிற்று. பசிக்காகச் சாப்பிடுங்கள், தப்பில்லை.

மேரியன்ஹில்லில் ஒரே ஒரு சாவடி

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு என்3 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு மேரியன்ஹில் சுங்கச்சாவடி தெரியாமல் இருக்காது. மறுநாள் காலை அவர்களும் அந்த வழியாகத்தான் போகப்போகிறார்கள். ஈஸ்டர் விடுமுறைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சாவடிகளில் ஒன்று மட்டும் திறந்திருக்கிறது என்று வையுங்கள். பின்னால் பத்து கார் நின்றாலும் ஆயிரம் கார் நின்றாலும், நிமிடத்துக்கு இத்தனை என்று ஒரே வேகத்தில்தான் கடக்கும்.

கல்லீரல் அந்த ஒற்றைச் சாவடி. எத்தனாலை உடைக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. நொதி என்பது ஒரு ரசாயன மாற்றத்தைச் செய்துமுடிக்கும் புரதம். பணம் வாங்கிக்கொண்டு தடுப்பைத் தூக்கும் ஊழியர் என்று வையுங்கள். ஊழியர்கள் எண்ணிக்கை மட்டானது. ஓரிரண்டு அளவு உள்ளே வந்ததுமே எல்லாருக்கும் கைநிறைய வேலை. அதற்கு மேல் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். வரிசை நிற்கும் இடம் உங்கள் இரத்தம். அது மூளை வழியாகவும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சாவடியின் வேகம் என்ன? பெரும்பாலானவர்களுக்கு இரத்த மது அளவு மணிக்கு 0.015 என்ற கணக்கில் இறங்கும். ஆளுக்கு ஆள் 0.01 முதல் 0.02 வரை மாறலாம். மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் நேராக வெளியேறுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த மூச்சைத்தான் போலீஸ் ரோட்பிளாக்கில் குழாயில் ஊதச் சொல்லி அளக்கிறார்கள்.

இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு இரவை முழுசாகப் பார்த்துவிடலாம். இரண்டு பேரும் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குகிறார்கள். அவனுடைய 0.12 முழுக்க இறங்க எட்டு மணி நேரம்: காலை ஐந்து. அவளுடைய 0.19 இறங்கப் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம்: காலை பத்தை ஒட்டி. எட்டு மணி வகுப்பில் அவள் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் சாவடியில் வரிசை நிற்கிறது. ஆறரை மணிக்கு யாராவது அவளைக் கார் எடுக்கச் சொன்னால் சட்ட வரம்பின் விளிம்பிலேயே இருப்பாள். இவ்வளவுக்கும் அவள் பன்னிரண்டரைக்கே படுத்துத் தூங்கியவள். பல் தேய்த்துக் குளித்து நல்ல பிள்ளையாகப் புறப்பட்டவள்.

“காபி குடிச்சா?” என்று பையன் கேட்டான். வரிசையில் நின்று ஹாரன் அடித்தால் சாவடி வேகமாகுமா? காபி தூக்கத்தை விரட்டும். தூக்கம் கலைந்த போதையாளர் கிடைப்பார். குளிர்ந்த நீரில் குளித்தால் நனைந்த போதையாளர். எனர்ஜி டிரிங்கோடு கலந்து குடிப்பதும் இதே ரகந்தான். சோர்வு தெரியாததால் இன்னும் இரண்டு கப் இறங்கும். வாந்தி எடுத்தால் வயிற்றில் மிச்சம் இருப்பது மட்டும் போகும், இரத்தத்தில் ஏறியது போகாது. நேரம் ஒன்றுக்குத்தான் அந்தச் சாவடி வழிவிடும்.

இதுவரை: ஏற்றம் உங்கள் கையில் இருக்கிறது, இறக்கம் கையில் இல்லை. ஓர் அளவு இறங்க அவனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், அவளுக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது.

அப்புறம் ‘தாங்குவது’ என்றால் என்ன?

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். சாவடி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம் என்றால், மாமா நாலு குவார்ட் குடித்தும் நிதானமாகப் பேசுகிறாரே, அது எப்படி?

மூளையைக் கார் என்று வைத்தால் அதற்கு பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் உண்டு. நரம்புகளை அடக்கும் ஒரு ரசாயனம், அவற்றை உசுப்பிவிடும் இன்னொரு ரசாயனம். எத்தனால் அடக்குவதற்குக் கைகொடுக்கும், உசுப்புவதைத் தடுக்கும். ஆகமொத்தம் மூளையை மந்தமாக்கும் பொருள் அது. அப்படியானால் முதல் கப்புக்கு ஏன் கலகலப்பு வருகிறது? முதலில் மந்தமாவது நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி. ‘இதைச் சொல்லாதே’, ‘அங்கே ஏறாதே’ என்று நம்மைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். வீட்டில் பெரியவர் தூங்கிப்போனதும் பிள்ளைகள் ஆட்டம் போடுகிறார்களே, அதைத்தான் உற்சாகம் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் நடை, பேச்சு, ஞாபகம் என்று வரிசையாக மந்தமாகும். கடைசியில் மூச்சு விடச்சொல்லும் இடமும்.

தினமும் குடிக்கிறவரின் மூளை இந்த மந்தத்துக்கு ஈடுகட்டத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிரேக் எப்போதும் அழுத்தியே இருப்பதால் ஆக்சிலரேட்டரையும் எப்போதும் அழுத்திவைக்கப் பழகிவிடும். இதற்குப் பழக்கத் தாங்குதிறன் என்று பெயர். மாமா நிதானமாகத் தெரிவது அதனால்தான். அவர் இரத்தத்தில் எண் குறையவில்லை. ரோட்பிளாக் குழாய்க்கு அவர் பேசும் அழகு தெரியாது. அவருடைய கல்லீரல் கொஞ்சம் வேகம் பழகியிருக்கலாம், ஆனால் நாலு குவார்ட்டுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு இல்லை. குடலுக்கும் இதயத்துக்கும் போகும் அளவும் அப்படியே. சொல்லப்போனால், ‘ஏறவே மாட்டேங்குது’ என்பது வருஷக்கணக்காக அதிகம் குடித்திருப்பதற்கு அடையாளம். பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இந்தத் திறன் பரம்பரையாக வருமா? ஒரு வகையில் ஆம், ஆனால் மாமா நினைக்கும் வகையில் இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே போதை குறைவாகத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் பின்னால் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுதல் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. போதும் என்று சொல்லும் மணி அவர்களுக்குத் தாமதமாக அடிக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே இரவுக்குள்ளேயும் ஒரு மாயம் நடக்கும். அளவு ஏறும்போது 0.08-இல் தள்ளாட்டம் தெரிந்தவருக்கு, உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கி வரும்போது அதே 0.08-இல் ‘தெளிந்துவிட்டேன்’ என்று தோன்றும். சமாளிக்க மூளை அதற்குள் கொஞ்சம் கற்றுக்கொண்டது. எதிரே நாய் குறுக்கே வந்தால் பிரேக்கில் கால் வைக்க ஆகும் நேரம் மட்டும் திரும்பி வந்திருக்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு “நான் ஓகே, நானே ஓட்டுறேன்” என்று சாவியைத் தேடுகிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது, அதனால்தான் அவரை நம்பக் கூடாது. பார்ட்டிக்குப் போகும்முன், எல்லாரும் தெளிவாக இருக்கும்போதே, யார் ஓட்டுவது அல்லது எந்த வண்டி கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

குடி என்றதும் நாம் கல்லீரலை நினைக்கிறோம். உங்கள் வயதில் கல்லீரலுக்கு முன்னால் வருவது கார், படிக்கட்டு, கத்தி. 2020 மார்ச் 27-இல் ஊரடங்கோடு சாராய விற்பனையும் நின்றது நினைவிருக்கலாம். ஜூன் 1-இல் கடை திறந்ததும் விபத்துப் பிரிவுகள் மறுபடி நிறைந்தன. ஜூலை 12-இல் மீண்டும் தடை வந்தது. கோவிட் நோயாளிகளுக்குப் படுக்கை வேண்டும் என்பதுதான் அரசு சொன்ன காரணம்.

இதுவரை: தாங்குவது என்பது தெரியாமல் இருப்பது. தெரியாவிட்டாலும் இரத்தத்தில் இருக்கும் அளவு குறைவதில்லை.

டவுன்-டவுன்

நம் நாட்டு வளாகங்களில் இது தவறாமல் நடக்கும். வட்டமாக நின்று பாட்டுப் பாடி, “டவுன், டவுன்” என்று கத்த, நடுவில் நிற்பவர் கப்பை ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும். புதுசாக வந்தவர்களைத்தான் நடுவில் நிறுத்துவார்கள்.

மேலே சொன்ன மெதுவான ஏற்றம் இங்கே கிடையாது. அளவு வேகமாக ஏறும்போது மூளையில் முதலில் மூடப்படும் அறைகளில் ஒன்று, நடந்ததை நினைவாக எழுதிவைக்கும் அறை. இதை நினைவுத் தடை என்போம். பிள்ளைகள் பிளாக்அவுட் என்பார்கள். மயக்கத்தோடு இதைப் போட்டுக் குழப்புகிறார்கள். மயங்கியவர் விழுந்து கிடப்பார். நினைவுத் தடையில் இருப்பவர் ஆடுவார், பேசுவார், போனில் யாருக்காவது செய்தி அனுப்புவார், யாரோடோ அறைக்குப் போவார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே மெமரி கார்டு இருக்காது. மறுநாள் யோசித்தால் வராது, ஏனென்றால் அது எழுதப்படவே இல்லை.

பக்கத்தில் இருப்பவருக்கு இது வெளியிலிருந்து தெரியாது என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மது ஒருவரின் தீர்மானிக்கும் திறனைக் குலைத்திருக்கும்போது அவர் ‘சரி’ என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது என்பது 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம். பையன்களிடம் இதை யாரும் வீட்டில் சொல்வதில்லை; நான் ஆட்டிறைச்சித் தட்டோடு உட்கார்ந்திருந்தவனிடம் சொன்னேன். காது சிவந்துவிட்டது. பரவாயில்லை.

வட்டத்துக்குள் போகாமல் தப்பிக்க என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டாள். டர்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. “ஐ ஆம் ஃபாஸ்ட்டிங்” என்றால் இங்கே ஜுலு நண்பர்கள் முதல் எல்லாருக்கும் புரியும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். புரட்டாசி செப்டம்பரில்தான் வரும் என்பதை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? சாமி பேரைச் சொல்லிப் பொய்யா என்று அவளுடைய அம்மா முறைத்தார். முனீஸ்வரனுக்குப் பாட்டில் வைத்துப் படைத்துவிட்டு மிச்சத்தை யார் குடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

பபலாஸ்

மறுநாள் தலைவலிக்கு ஜுலுவிலிருந்து வந்த இந்தச் சொல்லை எல்லாருமே பயன்படுத்துகிறோம். எத்தனாலைக் கல்லீரல் உடைக்கும்போது நடுவழியில் அசிட்டால்டிஹைடு என்கிற நச்சுப் பொருளாக மாறி, அப்புறந்தான் தீங்கற்றதாகிறது. அதோடு, குடி சிறுநீரை அதிகமாக்கி உடம்பை உலர்த்துகிறது. தூக்கத்தைத் துண்டு துண்டாக்குகிறது. தண்ணீர் குடிப்பது நல்லது, ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் அது சரிசெய்யும். காலையில் ‘ரெஹ்மாக்கர்’, அதாவது சரிசெய்வது, என்று இன்னொரு டம்பி திறந்தால், வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு கார் வந்து நிற்கிறது. வலி தள்ளிப்போகும், போகாது.

மருந்துக்கடையில் நின்றவள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள், இவையும் குடி மாதிரியே மூளையை மந்தமாக்குபவை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டாக நிற்காது. சிரப்பை ஸ்ப்ரைட்டில் கலந்து குடிக்கும் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது என்பது நம் பக்கத்துப் பெற்றோருக்குத் தெரியும். அதோடு கேனும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

தூங்க விடலாமா?

ரெஸ்ஸில் அதிகம் கேட்கும் வாக்கியம், “விடு, தூங்கி எழுந்தா சரியாயிடும்.” இதில்தான் உயிர் போகிறது.

காரணம் மேலேயே வந்துவிட்டது. கடைசி மூன்று கப்பும் இன்னும் வயிற்றில் காத்திருக்கலாம். ஆள் படுத்துவிட்டார், வயிற்றின் கீழ்வாசல் வேலை செய்துகொண்டிருக்கிறது, சாவடியோ ஒன்றுதான். ஆகவே மயங்கிய பிறகும் இரத்த மது அளவு ஏறிக்கொண்டே போகும். படுத்த நேரத்தில் இருந்ததைவிட முக்கால் மணி கழித்து நிலைமை மோசமாக இருக்கலாம். அப்போது இருமல் வரவேண்டிய இடத்தில் வராது. வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

தோளைக் குலுக்கி, பெயர் சொல்லிக் கத்தி, கையைக் கிள்ளிப் பாருங்கள். முனகித் திட்டினால் நல்லது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலை மடக்கி, மல்லாந்து புரளாமல் முதுகுக்கு ஒரு பையை வைத்து, பக்கத்திலேயே உட்காருங்கள். பதிலே இல்லையென்றால் பொறுக்கக் கூடாது. அதேபோல நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உடம்பு சில்லென்று இருப்பது, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். நம் நிறத்தில் முகம் நீலமாவது சட்டென்று தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் போன் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பலாகவோ நீலமாகவோ இருந்தால் ஆபத்து.

ஆம்புலன்ஸுக்கு 10177. செல்போனிலிருந்து 112-உம் போகும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் ரெஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். இரவில் வண்டிக்காரர்கள் கட்டடம் தெரியாமல் சுற்றுவார்கள். வார்டனுக்குத் தெரிந்துவிடுமே, வீட்டுக்குப் போன் போய்விடுமே என்று கால் மணி நேரம் குசுகுசுப்பார்கள். தெரியட்டும், போகட்டும். அதுவரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, ஷவரின் கீழ் நிறுத்தக் கூடாது.

வண்டி வந்ததும் அவர்கள் கேட்பது நாலே கேள்வி: என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்குத் தொடங்கினார், கூட மாத்திரையோ சிரப்போ ஏதாவது. அந்தப் பெண் இதைக் கேட்டபடியே போனை எடுத்து 10177-ஐச் சேமித்தாள். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, பாட்டிலை மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, கணக்குப்படி பதினெட்டு கிராமாவது இருக்கும்.